சந்தா கொடுக்காத கடை வாசலிலும் விளக்கு எரியும்

ஒரு வணிகர் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். மாதம் பிறந்தால் ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வேலை. முதல் வருடம் பத்துக்கு எட்டுப் பேர் கொடுத்தார்கள். தெருவுக்கு விளக்குப் போட்டோம், ராத்திரிக் காவலுக்கு ஓர் ஆள் வைத்தோம். மூன்றாம் வருடம் பாதிப் பேர்தான் கொடுத்தார்கள். "போன மாதம் நான் கொடுக்கவில்லை, விளக்கு எரிந்ததே" என்றார் ஒருவர். என்னிடம் பதில் இல்லை. அதைப் பார்த்து, ஒழுங்காகக் கொடுத்துவந்தவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் காவலாளியை நிறுத்த வேண்டியதாயிற்று. அவரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

டொராண்டோவில் புளோர் தெருவின் மேற்குப் பகுதி வியாபாரிகளுக்கும் இதே சிக்கல்தான் என்று பிற்பாடு படித்தபோது, கூடவே உட்கார்ந்து பேசியதுபோல இருந்தது. 1960-களில் பெரிய மால்கள் வந்தன. டிராமில் கடைகளைப் பார்த்தபடியே போனவர்கள், சுரங்க ரயில் வந்ததும் தரைக்குக் கீழே போய்விட்டார்கள். விருப்பச் சந்தாவை நம்பித் தெருவை மீட்க முடியாது என்று புரிந்துகொண்டு, சட்டத்தையே மாற்றக் கேட்டார்கள். 1970-ல் வழி பிறந்தது. எல்லைக்குள் இருக்கும் எல்லா வணிகமும் கட்டணம் கட்ட வேண்டும். மாநகராட்சி அதை வரியோடு வசூலித்து, அந்த வட்டாரத்தின் நிர்வாகக் குழுவிடமே கொடுத்துவிடும். உலகம் முழுவதும் பரவிய வணிக மேம்பாட்டு வட்டாரங்களுக்கு அதுதான் தொடக்கம்.

வசூலிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. எந்த முனையில் குப்பை தேங்கும், எத்தனை மணிக்குத் தெரு வெறிச்சோடும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத்தான் தெரியும். இரண்டும் ஒன்றுசேர வேண்டும். அரசு–தனியார் கூட்டு என்றாலே கண்ணாடிக் கோபுரமும் திறப்பு விழாவும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ, திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் யார் பெருக்குவார்கள் என்பதுதான் கேள்வி.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவை இதனால்தான் எனக்குப் பிடிக்கும். போதைப்பொருள் விற்பவர்களுக்குப் பயந்து மக்கள் ஒதுங்கிப்போன இடம் அது. 1980-ல் அதை மீட்க ஒரு தனியார் அமைப்பு உருவானது. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் பூங்காவைக் கவனித்துப் பார்த்தார். தெருவைவிட மேடாக, வேலியும் புதரும் மறைக்க, உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் இருந்தது. 1988-ல் மூடிச் சீரமைத்து 1992-ல் திறந்தபோது புதர்கள் இல்லை, நுழைவு வழிகள் தாராளமாகிவிட்டன. எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரும்படி தனித்தனி நாற்காலிகள். தரையோடு பிணைக்காத நாற்காலியைத் தினமும் யாராவது எடுத்து வைக்க வேண்டும், உடைந்தால் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கும் அங்கே ஏற்பாடு இருந்தது.

சரி, பணம் கட்டுபவர் யார், முடிவு எடுப்பவர் யார்? பிரிட்டனில் இப்படி ஒரு வணிக மேம்பாட்டு வட்டாரம் அமைய வாக்கெடுப்பு நடக்கும். வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் அவர்களுடைய கடைகளின் வரிமதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். ஒன்றில் மட்டும் ஜெயித்தால் போதாது. அதிகபட்சம் ஐந்து வருடம், அப்புறம் மறுபடி வாக்கு. கட்டுவதும் வாக்களிப்பதும் பெரும்பாலும் கடையை நடத்துபவர்களே, வாடகைக்கு இருந்தாலும். அமெரிக்காவில் பல இடங்களில் கட்டட உரிமையாளர் கைதான் ஓங்கியிருக்கும். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் நிர்வாகக் குழுத் தேர்தலில் சம வாக்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரு நன்றாக ஆனால் வாடகை ஏறும். ஏறினால் முதலில் வெளியேறுபவர் வாடகைக்காரர்.

அவருக்கும் முன்னால் போய்விடுபவர்கள் நடைபாதை வியாபாரிகள். ராத்திரி ஷட்டர் சத்தம் கேட்டால் எங்களுக்குப் போன் போட்டுச் சொன்னவர்கள் அவர்கள்தான். ஆனால் எங்கள் சங்கத்தில் அவர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அது தப்பு.

இப்போது சங்கம் மாநகராட்சியோடு ஓர் ஒப்பந்தம் போடப்போகிறது. வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். கல் பதிப்பது, விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பராமரிப்புக்கு ஒரே வரி, அதிலும் எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. நடைபாதை வியாபாரிகள் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு இடத்தையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவிலும் எழுந்து கேட்பேன்.