ஐம்பதைத் தாண்டிய கூட்டாளிகள் வண்டி எடுக்கும்போது

பள்ளிக்கூடத்துச் சேர்க்கை கடைசி வரைக்கும் நிற்க, கல்யாண மண்டபத்துச் சந்திப்பு போதாது. மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, "போன் பண்றா" என்று சொல்லிவிட்டு அவனவன் கிளம்பிவிடுவான். வருசத்துக்கு ஒரு தடவை சேர்ந்து பைக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிற கூட்டம்தான் நிற்கும். அதுவும் உடைவதுண்டு. காரணம் பாசம் குறைவது இல்லை. தேதி, பணம், வேகம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தேதியை முதலில் பார்ப்போம். முகூர்த்த மாசத்தில் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டான். மே, ஜூனில் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரன் நகரமாட்டான். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் காவிரியில் தண்ணீர் கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், பதினெட்டுக்குக் கூட்டமும் தாங்காது. மிச்சம் மார்கழி, அரையாண்டு லீவு. மாலை போட்டவன் இருந்தால் அவனைக் கேட்டுத் தேதி வையுங்கள்.

பணம் ஒருத்தன் கையில் இருக்கட்டும். சாப்பாடு, ரூம், டீ எல்லாம் முன்கூட்டியே போட்ட பொதுப் பணத்தில். பெட்ரோலை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஸ்ப்ளெண்டர் லிட்டருக்கு அறுபது கொடுக்கும், புல்லட் முப்பத்தைந்து. சமமாகப் பிரித்தால் ஸ்ப்ளெண்டர்காரன் வெளியே சொல்லமாட்டான், மனசுக்குள் வைத்துக்கொள்வான். குடிக்கிற செலவும் தனி.

முதல் சுற்றுக்கு நம்ம ஊர்ப் பாதையே போதும்: தர்மபுரி, பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், ராயக்கோட்டை, பாலக்கோடு, திரும்ப தர்மபுரி. இருநூறு கிலோமீட்டருக்குள் முடியும். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் அக்காமார் இருக்கிறார்கள். சாப்பிட்டுப் படுத்துவிட்டால் போச்சு, அஞ்செட்டிக் காட்டில் இருட்டிவிடும். காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் அந்தக் காட்டு ரோட்டில் இருக்க வேண்டாம். பெட்ரோலைக் கிளம்பும்போதே நிரப்புங்கள். காட்டுக்குள் பல இடத்தில் சிக்னல் கிடையாது.

யானை ரோட்டில் நின்றால் ஹாரன், லைட், போட்டோ எதுவும் கூடாது. நூறு மீட்டருக்கு முன்பே நின்று, இன்ஜினை அணைக்காமல், முதல் வேலையாக வண்டியைத் திருப்பி வையுங்கள். ஆளும் மூட்டையும் ஏற்றிய வண்டியை ஒடுக்கமான ரோட்டில் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று யானை வந்த பிறகு கணக்குப் போடக்கூடாது.

வேகத்துக்கு ஒரே சட்டம்: மெதுவாகப் போகிறவன் இரண்டாவது ஆள், நன்றாக ஓட்டத் தெரிந்தவன் கடைசி, பஞ்சர் சாமானும் அவனிடம். ஒவ்வொரு பிரிவு ரோட்டிலும் பின்னால் வருகிறவன் கண்ணில் படும் வரை முன்னால் போனவன் நிற்க வேண்டும். ஏற்காட்டுக்குத் தொப்பூர் வழியாகப் போவதானால் கணவாய் இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்குங்கள், நியூட்ரல் வேண்டாம். இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பிரேக் பிடிக்காத லாரி பின்னால் வந்தால் உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது.

கிளம்பும் முன் கிளட்ச் கேபிள் லிவரில் மாட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஒரு கம்பி பிரிந்திருந்தாலும் மலையில் அறும். புதுக் கேபிளை பழையதோடு ஒட்டியே இழுத்துக் கட்டி வைத்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும், டேங்க் கழற்ற வேண்டாம். செயினை நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். வழக்கமாக ஒகேனக்கல் இறக்கத்தில் கழலுவது தளர்ந்த செயின். இறுக்கிவிட்டாலும் தப்பு, இரண்டு பேர் உட்கார்ந்ததும் இன்னும் இறுகி பேரிங்கைத் தின்னும்.

சுகர்காரனோடு போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: சாப்பாடு தள்ளிப்போனால் வேர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிந்து விழுவான். பதிலுக்குச் சண்டை போடாதீர்கள். வண்டியை நிறுத்தி மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிசம் பொறுங்கள். அவன் மாத்திரை எந்தப் பையில் என்று இன்னொருத்தனுக்கும் தெரியட்டும்.

நம்ம வாசலில் ஓடுகிற 44-ஆம் நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. அதனால் எல்லாக் கூட்டத்திலும் ஒருநாள் லடாக் பேச்சு வரும். லடாக்கில் இருக்கும் லே ஊர் 3,500 மீட்டர் உயரம், காற்று குறைவு. அங்கே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடக்கூடாது. அங்கே ஆபத்து ரோடு இல்லை, "எனக்கு ஒண்ணுமில்லடா" என்கிற நம்ம ஆள்தான். தலைவலியும் வாந்தியும் வந்தவன் மறைக்கக்கூடாது, அதிகமானால் ஒருத்தன் துணைக்கு வந்து கீழே இறக்கிவிட வேண்டும் என்று ஊரிலேயே பேசி முடியுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டி அந்த உயரத்தில் காற்றில்லாமல் திணறும், அதைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

திரும்பி வரும்போது பாலக்கோட்டு டீக்கடையில் கணக்கை முடித்துவிடுங்கள். மிச்சத்தைப் பிரிக்காதீர்கள். அதை அடுத்த வருச அட்வான்சாக எழுதிக்கொண்டு, தேதியையும் அங்கேயே போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு எவனும் போன் எடுக்கமாட்டான்.