அம்மாவின் ராத்திரிகள்

ஜனவரி 27, 2025

சாத்தூரில் சித்தி மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முந்தாநாள் ராத்திரி எல்லோரும் மண்டபத்திலேயே படுத்துக்கொண்டோம், பெண்கள் பக்கம் இருபது பேர் இருக்கும், ஜமுக்காளத்தை விரித்து வரிசையாக. ரெண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், அம்மா மட்டும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தலை முன்னால் விழுகிறது, திடுக்கென்று நிமிர்கிறாள், மறுபடி விழுகிறது. "படும்மா" என்றேன். "நான் படுத்தேன்னா இங்க ஒருத்தரும் தூங்க மாட்டாக. நீ போய்ப் படுட்டி" என்றாள்.

எனக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. எத்தனை கல்யாண வீடுகளில் இப்படி விடிய விடிய உட்கார்ந்திருப்பாளோ. ஆம்பளை குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்று விட்டுவிடுவார்கள், பொம்பளை விட்டால் கேலிதான். சின்ன வயதில் அத்தை பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது வலிக்கிறது.

அம்மாவுக்கு 58 வயசு. ஐந்து வருஷமாக பிபி. மூன்று மாத்திரை, அதில் ஒன்று நீர் மாத்திரை, ஒரு வேளை தவற விடமாட்டாள், ஊறுகாய் அப்பளத்தைத் தொட்டே ரொம்ப நாள் ஆகிறது. அப்படியும் போன வாரம் 162/100.

ஜனவரி 30

நேற்று அம்மா அறையில் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து அம்மா தனியாகத்தான் படுக்கிறாள், அதனால் அவள் எப்படித் தூங்குகிறாள் என்று பார்த்த கண் இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

பதினொன்றரைக்குக் குறட்டை ஆரம்பித்தது. மெல்ல ஏறி ஏறி உச்சத்துக்குப் போய் பட்டென்று நின்றுவிட்டது. சரி, அடங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால் வாய் திறந்திருக்கிறது, வயிறு தூக்கித் தூக்கிப் போடுகிறது, நெஞ்சு உள்ளே இழுக்கிறது, மூக்குக்கு நேரே விரலை வைத்தால் காற்றே இல்லை. எண்ணினேன். 34 வரைக்கும் போனது. எழுப்பிவிடலாம் என்று தோளைத் தொடப் போகும்போது, கிணற்றில் மூழ்கினவர் மேலே வந்து மூச்சை வாங்குவதுபோல ஒரு பெரிய சத்தம், உடம்பே அதிர்ந்தது, ஒருக்களித்தாள், மறுபடி குறட்டை. அவளுக்கு முழிப்பே வரவில்லை. அரை மணி நேரத்தில் பதினெட்டு தடவை இது நடந்தது. நாலு நிமிஷம் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் போனாள். நீர் மாத்திரைதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

பிப்ரவரி 6

திருநெல்வேலியில் ஒரு நெஞ்சு டாக்டரைப் பார்த்தோம். வீடியோவை ஒரு நிமிஷம் பார்த்ததுமே போனை வைத்துவிட்டு அம்மாவிடம் கேள்வியாகக் கேட்டார். காலையில் எழுந்ததும் தலை கனக்குமா, வாய் வறண்டிருக்குமா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசருமா. அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எங்களிடமே சொல்லாத ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது: தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தபோது மிதித்த கால் மிதித்தபடியே தூங்கிப்போய், ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கியிருக்கிறது. விரலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டபோது கத்தரிக்கோல் பட்டது என்று சொல்லியிருந்தாள்.

கழுத்தை டேப் வைத்து அளந்தார், 16 அங்குலம். தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற நோயாக இருக்கலாம், மாதவிலக்கு நின்றபிறகு பெண்களுக்கு இது கூடுகிறது, ஆனால் அவர்கள் குறட்டை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, அசதி, தலைவலி, தூக்கம் சரியில்லை என்றுதான் வருகிறார்கள், அதனால் தப்பிப்போய்விடுகிறது என்றார். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபி என்றால் தூக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்படணும் என்றும் சொன்னார்.

வழக்கமாகப் போகிற இடத்தில் ஐந்து வருஷமாக மாத்திரையைக் கூட்டினார்கள், மாற்றினார்கள். ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கோபமாக வருகிறது. கூடவே இருக்கிற நானும்தான் கேட்கவில்லை.

பிப்ரவரி 15

மதுரையில் ஸ்லீப் டெஸ்ட். தலையில், கண்ணோரத்தில், தாடையில், நெஞ்சில், காலில் என்று ஒயர், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிப் பட்டை, விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப். "இதையெல்லாம் கட்டிக்கிட்டு எப்படித் தூங்க" என்றவள் விளக்கை அணைத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டாள். அப்படிச் சட்டென்று தூங்கிவிடுவதும் இந்த நோயின் அறிகுறிதானாம். நல்ல தூக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 20

ரிப்போர்ட் வந்துவிட்டது. மூச்சு முழுசாக நிற்பதும் பாதி அடைபடுவதும் சேர்த்து மணிக்கு 41 தடவை. பத்து விநாடிக்குக் குறையாமல் நீடித்தால்தான் கணக்கில் வரும். 5 வரை பரவாயில்லை, 15 தாண்டினால் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. அதிகபட்சம் 58 விநாடி நின்றிருக்கிறது. ஆக்சிஜன் 71 வரை இறங்கியிருக்கிறது. கொரோனா சமயத்தில் அந்தக் கிளிப்பில் 94க்குக் கீழே வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, அம்மா எத்தனை வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் 71க்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள்.

எக்கோ என்கிற ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது. இதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவின் அடி முனையை விரலால் அடைத்துக்கொண்டு பலமாக உறிஞ்சிப் பாருங்கள், ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி மூடிக்கொள்கிறது, ஆனால் நெஞ்சு இழுப்பதை நிறுத்துவதில்லை. அந்த வெற்று இழுப்பில் நெஞ்சுக்குள் அழுத்தம் கடகடவென்று இறங்க, நுரையீரலுக்கு நடுவே இருக்கிற இதயத்தையும் அது வெளிப்பக்கமாகப் பிடித்து இழுக்கிறது. இதயம் அந்த இழுப்பை எதிர்த்துச் சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. மேலறைகளின் சுவர் மெல்லிசு, அது விரிந்து கொடுக்கிறது, நாளடைவில் துடிப்பு தாளம் தப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலறை விரிந்தால் ரத்தம் கூடிப்போய்விட்டது என்று நினைத்து இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, நீரை வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குப் போகிற உத்தரவு அது. மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்தது அதனால்தான்!

அதோடு விடவில்லை. ஆக்சிஜன் இறங்கினதும் மூளை பயந்துபோய் உடம்பை உலுக்கி எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, பிபி ஒரே எகிறாக எகிறுகிறது. ரிப்போர்ட்டிலேயே காட்டினார், மூச்சு நிற்க நிற்கத் துடிப்பு மெதுவாகிக்கொண்டே வருகிறது, மூச்சு திரும்பினதும் தடதடவென்று ஓடுகிறது. மற்றவர்களுக்குத் தூங்கும்போது பிபி பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்கும், இதயத்துக்கு ஓய்வு கிடைப்பதே அப்போதுதான். அம்மாவுக்கு 24 மணி நேரக் கருவி கட்டிப் பார்த்ததில் பகலைவிட ராத்திரிதான் கூடுதல்.

பிப்ரவரி 21

படிக்காமல் இருந்திருக்கலாம். அமெரிக்காவில் மினசோட்டாவில் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பிற்பாடு திடீர் மாரடைப்பு போன்ற இதயச் சாவில் போன 112 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். பொதுவாக அப்படிப்பட்ட சாவு விடிந்தபிறகு, காலை வேளையில்தான் அதிகம். ஆனால் மூச்சு அடைக்கிற நோய் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நடு இரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் போயிருக்கிறார்கள், நோய் இல்லாதவர்களில் 21 சதவீதம்தான். "தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துட்டாரு, நல்ல சாவு" என்று எத்தனை வீட்டு வாசலில் நின்று நாம் பேசியிருக்கிறோம். இனிமேல் அந்த வார்த்தை என் வாயில் வராது.

மார்ச் 3

சிபாப் மிஷின் வாங்கியாயிற்று, நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 1981இல் எழுதி வெளியிட்ட முறை. காற்றைக் கொஞ்சம் அழுத்தமாக மூக்கு வழியே செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும், விஷயம் அவ்வளவுதான். அதற்கு முன்னால் நோய் முற்றினவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போடுவதுதான் வழி.

முதல் ராத்திரி நாற்பது நிமிஷத்தில் கழற்றிவிட்டாள். ரெண்டாவது ராத்திரி எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. மூக்கு காய்கிறது, கன்னத்தில் பட்டை பதிந்து சிவந்திருக்கிறது, காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. "ஆஸ்பத்திரியில கிடக்க மாதிரி இருக்கு, வேண்டாம்டி" என்று அழுதாள். நான் வற்புறுத்தவில்லை. சாயங்காலம் டீவி பார்க்கும்போது முழிப்போடு அரை மணி நேரம் போட்டுப் பழகச் சொன்னார்கள், அதைச் செய்கிறோம்.

மார்ச் 16

மாஸ்க்கைச் சின்ன அளவுக்கு மாற்றினோம், ஈரப்படுத்துகிற தொட்டியில் தண்ணீர் ஊற்றினோம். கன்னத்துப் பட்டைக்கு அம்மாவே பழைய மெல்லிசுப் புடவையைக் கத்தரித்து மெத்தென்று ஒரு உறை தைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த மிஷின் அவளுடைய பொருளாகிவிட்டது. நேற்று நாலே முக்கால் மணி நேரம்!

டாக்டர் இன்றைக்கு ஒன்றை மறைக்காமல் சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,717 பேரை வைத்து 2016இல் ஒரு பெரிய ஆய்வு முடிந்தது, இந்தியாவிலிருந்தும் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். மிஷின் போட்டதால் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாக அதில் தெரியவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனசு தெளிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் போட்டிருந்தது ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம். மீதி ராத்திரி முழுக்கத் தொண்டை அடைத்தபடிதானே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது, டாக்டரும் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது என்றார். பிபியும் மிஷினால் பொதுவாக ரெண்டு மூன்று புள்ளிதான் இறங்கும், அம்மாவைப்போல மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம். அதனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, எடை குறைக்கணும், மல்லாந்து படுக்கக் கூடாது, தூக்க மாத்திரை தானாக வாங்கிப் போடவே கூடாது.

ஏப்ரல் 9

ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போனது. மிஷின் நின்ற அமைதியில் எனக்கு முழிப்பு வந்துவிட்டது. அம்மா மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள், பத்து நிமிஷத்தில் அதே குறட்டை, அதே நிறுத்தம். முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, கரண்ட் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். இன்வெர்ட்டர் லைனை அந்த அறைக்கும் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 27

ராத்திரிக்கு ஐந்தரை மணி நேரம் போடுகிறாள். பிபி 140/88, மாத்திரை மூன்றும் தொடர்கிறது. பாத்ரூமுக்கு ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்லை. தலை கனக்கவில்லை என்கிறாள்.

சாயங்காலம் அத்தை வந்திருந்தாள், ஜாக்கெட் அளவு கொடுக்க. மிஷினைப் பார்த்துவிட்டு இது என்ன மைனி, யாருக்கு என்ன என்று பதறினாள். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தவள் டேப்பைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, எண்ணைப் பார்த்தபடியே, "ராத்திரி எத்தனை வாட்டி எந்திரிக்க?" என்று கேட்டாள்.

"நாலு வாட்டி. ஏன் மைனி?"

"இங்கன உட்காரு" என்று டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள் அம்மா.