மூன்றாம் படி

தாள் என் கைக்கு வந்தபோது ஏற்கெனவே பதினொரு வரிகள் இருந்தன.

வீட்டைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. சேர்த்து வாசித்தால் கூட்டுக் கவிதை. முற்றம், மண்வாசம், அம்மா... பாதி எதிர்பார்த்ததுதான். (என்னுடையதும் அந்த ரகம்தான், விடுங்கள்.)

எட்டாவது வரியில் நின்றுவிட்டேன்.

"எங்கள் வீட்டு மூன்றாம் படி ஆடும்."

அவ்வளவுதான். எழுதிய பெரியவரிடம் கேட்டேன்.

"வீடு கைவிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு தம்பி. இப்பவும் எந்தப் படி ஏறினாலும் மூணாவதைத் தாண்டிடுறேன்" என்று சிரித்தார்.

தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள், அதாவது அடிப்படை, என்கிறது. மரமும் பறவையும் அதற்கப்புறம் கருப்பொருளாக வருபவை. ஐந்து திணைகளில் பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுதான் பாலை. அதன் உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய உணர்வு, பிரிவு.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. இன்றுதான் உறைத்தது.

கிளம்பும்போது வாசலில் நாலு படி. மேலிருந்து எண்ணுவாரா, கீழிருந்தா என்று அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.