5 லட்சம் பீப்பாயும் நடுக்கடலும்

வட கொரியாவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் சுத்திகரித்த எண்ணெய்தான் போகலாம் என்று 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை உச்சவரம்பு போட்டது. தீர்மான எண் 2397. காகிதத்தில் கச்சிதம்!

கடலில் கதையே வேறு. இருப்பிடம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிட்டு, இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக நின்று, குழாய் போட்டு எண்ணெயை மாற்றிக்கொள்ளும். கப்பலின் பெயரும் கொடியும் அடிக்கடி மாறும். உரிமையாளர் யாரென்று தேடினால் ஒரு லெட்டர்பேடு கம்பெனிதான் அகப்படும்.

இதைப் படங்களோடு அம்பலப்படுத்திவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் பதவி நீட்டிப்பை 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டுத் தடுத்தது. ஏப்ரலோடு குழு காலி.

தடையைத் தாண்டிப் பணம் பார்க்க இன்னொரு வழியான கிரிப்டோ (இணையப் பணம்) திருட்டுக்கோ கப்பலே வேண்டாம். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் திருடுபோன சுமார் 150 கோடி டாலர் வட கொரியாவின் கைவரிசை என்கிறது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.