உப்புக் காற்றில் ஓர் அலுமினிய ரோடு பைக்

அலுமினிய ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் அறிவுரை, "சீக்கிரம் கார்பன் ஃபைபர் ஃபிரேமுக்கு மாறிடுங்க" என்பதுதான். எனக்கும் நிறைய பேர் சொல்லியாகிவிட்டது. நான் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை. தூத்துக்குடி மாதிரி ஒரு கடலோர ஊரில், வேலைக்குப் போகும் முன் காலையில் ஓட்டுகிற ஒருவருக்கு நல்ல அலுமினிய ஃபிரேம் போதும் என்பதைவிட, அதுதான் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கடலோரத்தில் அதற்கென்று ஒரு கவனிப்பு வேண்டும். சமவெளி ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அது அவ்வளவாக இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி தொடக்க விலை வரம்பில் எல்லா கம்பெனியும் விற்கிற வகைதான். 6061 அலுமினிய ஃபிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் கார்பன் கால்களும் அலுமினிய ஸ்டியரரும் (மேல் தண்டு), ஷிமானோவின் கிளாரிஸ் கியர், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. ரிம் பிரேக். வாங்கும்போது 25 மி.மீ. டயர் இருந்தது.

முதலில் "அலுமினியம் முதுகை உடைக்கும்" என்ற பேச்சு. இதில் பாதிதான் உண்மை. அலுமினியம் உண்மையில் இரும்பைவிட நெகிழ்கிற உலோகம். அதன் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பழைய வீட்டஸ் 979 ஃபிரேம்கள் இரும்புக் குழாய் போலவே மெல்லிய அலுமினியக் குழாய்களைப் பசை போட்டு இணைத்தவை. அயர்லாந்தின் ஷான் கெல்லி அதில் பல பந்தயங்களை வென்றார். ஆனாலும் பலசாலிகள் மிதித்தால் வளையும் ஃபிரேம் என்றுதான் அதற்குப் பெயர். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன், 1983-இல் சைக்கிள் விற்கத் தொடங்கிய கேனண்டேல் போன்றவர்கள் குழாயைப் பருமனாக்கினார்கள். சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது. அலுமினியத்துக்கு 'கட்டை' என்ற பெயர் வந்தது அந்தப் பருத்த குழாய்களால். 1998-இல் மார்க்கோ பந்தானி இத்தாலியின் ஜீரோ பந்தயத்தையும் டூர் டி பிரான்ஸையும் ஒரே ஆண்டில் வென்றது பியாங்கியின் அலுமினிய வண்டியில்தான். ஆல்ப்ஸ் மலைக்குப் போதுமான பொருள் திருச்செந்தூர் ரோட்டுக்குப் போதாதா?

உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிற அதிர்வில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது டயர்தான். ஃபிரேம் மேலும் கீழுமாக அமுங்குவது மிகச் சிறிய அளவு, டயர் அமுங்குவது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே நான் செய்த முதல் மாற்றம் டயர். 25-ஐக் கழற்றிவிட்டு 28 போட்டேன். 100 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டிருந்தவன் இப்போது பின்னால் 75, முன்னால் 70 அடிக்கிறேன் (என் எடை எழுபது கிலோ பக்கம்). முக்காணிப் பாலம் தாண்டி ஆத்தூர் வரை ரோடு சொரசொரவென்று இருக்கும் இடங்களில் கை மரத்துப்போவது அதோடு நின்றது. வேறு எந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை. மாற்றும் முன் ஒன்றைப் பாருங்கள். பிரேக்குக்கும் டயருக்கும், ஃபோர்க்கின் தலைக்கும் டயருக்கும் நடுவே இடம் வேண்டும். டயரில் 28 என்று எழுதியிருந்தாலும் ரிம்மின் உள் அகலத்தைப் பொறுத்து 29, 30 என்று உட்காரும்.

எங்கள் பக்கத்தில் டயருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரோட்டோரம் முழுக்க உடை மரம். ஆடிக் காற்றில் உடைமுள் தார் ரோட்டுக்கே வந்து கிடக்கும். முள் தடுப்புப் பட்டை உள்ள டயரை வாங்குங்கள், ஐம்பது கிராம் எடை கூடினால் கூடட்டும். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றிருக்கும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

கியரை நான் தொடவில்லை. எட்டிலிருந்து பதினொன்றுக்குப் போகலாமே என்று கேட்பார்கள். இங்கே மேடு என்றால் மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். எதிரி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் வல்லநாடு பக்கம் மேற்கே போனால் முகத்தில் அறைகிற காற்றில் 20 கி.மீ. வேகம் எடுப்பதே பெரிய காரியம். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். இதற்குக் கூடுதல் கியர் பெரிதாக உதவாது, ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் கை வைத்துக் குனியப் பழகுவதுதான் உதவும். எட்டு கியர் செயின் 7 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல் அகலம், பதினொரு கியர் செயின் ஐந்தரைதான். அகலமான செயின் மலிவு, எங்கும் கிடைக்கும், மண்ணையும் உப்பையும் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் பிரேக் கட்டையை நல்லதாக மாற்றினேன், கேபிள்களையும் உறைகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைக்கு மாற்றினேன். பிரேக் பிடிக்கிற விதமே வேறாகிவிட்டது.

சரி, உப்புக்கு வருவோம்.

முள்ளக்காடு, பழையகாயல் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தியில் உப்பு விளைகிற மாதங்களில் ஒரு காலை ஓட்டிவிட்டு வந்தால் ஹேண்டில்பாரை நக்கிப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரியும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது இரும்புக்கு வருகிற செந்துரு அதற்கு வராது என்ற அளவில் சரி. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிறது. அதுதான் கவசம். உப்பில் உள்ள குளோரைடு அந்தக் கவசத்தைத் துளைக்கிறது. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல் தடம் ஓடியிருந்தால், அது இந்த வேலை. சின்ன இடம் என்றால் பொடியைத் தேய்த்தெடுத்து, நன்றாக உலர்த்தி, நிறமில்லாத நகப் பாலிஷ் இரண்டு பூச்சுப் பூசிவிடுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன், நிற்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம், இரண்டு உலோகங்கள் தொடுகிற இடங்கள். எங்கள் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். கடல்நீரில் இரும்பும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரையும், இரும்பு தப்பிக்கும். அதற்காகவே கட்டியைப் பலி கொடுக்கிறார்கள். சைக்கிளில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் தொடுகிற இடத்தில், நடுவே வியர்வையோ உப்புத் தண்ணீரோ இருந்தால், கரைவது அலுமினியம். அதாவது நம் ஃபிரேம். எளிதில் கரையாதவை மேலே என்று வரிசைப்படுத்தினால் கார்பன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் மேலே நிற்கிறது. கார்பன் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) போட்டால் அதிர்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால் கடலோரத்தில் அலுமினிய ஃபிரேமுக்குள் கார்பன் போஸ்டைச் சொருகி மறந்துவிட்டால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் அரிக்கும்போது உண்டாகிற பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் அடைக்கும். அந்த நெருக்கத்தில் போஸ்ட் அசையாது. நான் அலுமினியப் போஸ்டிலேயே இருக்கிறேன். அதுவும் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் பிடிக்கத்தான் செய்யும். வியர்வை சீட்டிலிருந்து நேராக அங்கேதான் இறங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரத்தைக் குறிக்க டேப் சுற்றிவிட்டு, போஸ்டை முழுதாக வெளியே எடுத்து, போஸ்டையும் குழாயின் உள்பக்கத்தையும் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவிப் போடுங்கள். கார்பன் போஸ்ட்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பேஸ்ட் போட வேண்டும். கழற்றித் துடைப்பது இன்னும் அடிக்கடி நடக்க வேண்டும்.

பாட்டில் கேஜ் போல்ட்டுகளை யாருமே நினைப்பதில்லை. உப்புக் கரைசல் மாதிரியான பானங்களை நாம் அதன் மேல்தான் சிந்துகிறோம். ஃபிரேமில் அந்த மரை ஒரு மெல்லிய உள்செருகல், போல்ட் பிடித்துக்கொண்டால் செருகலே சேர்ந்து சுழல ஆரம்பிக்கும். அப்புறம் பெரிய தலைவலி. கழற்றி, மரையில் கிரீஸ் தொட்டு, மறுபடி முடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. முடுக்கும்போது, முடுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருப்பது நல்லது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கிறது. கை பலத்தில் முடுக்கினால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுவோம்.

கழுவுவதைப் பற்றி ஒரே பிடிவாதம்தான் எனக்கு: மோட்டார் பைக்குக்குச் செய்கிற வாட்டர் சர்வீஸ் வேண்டாம். அந்த வேகத்தில் பீய்ச்சினால் உப்பு சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள்ளும், பெடல் அச்சு சுழலும் பி.பி.க்குள்ளும் போய்ச் சேரும், கிரீஸ் வெளியே வரும். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துணி, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவம் போதும். ஊற்றி, துடைத்து, நிழலில் காய வைத்தால் ஆயிற்று. போர்த் தண்ணீரே உப்பாக இருக்கிற தெருவில் இருந்தால் கடைசி ஒரு சொம்பாவது குடிதண்ணீர் ஊற்றுங்கள்.

செயினுக்கு டீசலில் நனைத்த துணி. அழுக்கு போன பிறகு ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும். வெளியே பளபளவென்று எண்ணெய் இருந்தால் அது மண்ணைப் பிடிக்கத்தான் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கெட்டியான எண்ணெய்க்கு மாறுகிறேன். தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. அது 307-ஐத் தொட்டால் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டும் சேர்ந்து போகும், அதன் விலை செயினைவிடப் பல மடங்கு.

எல்லாவற்றையும் நானே செய்வதில்லை. சக்கரம் கோட்டம் எடுப்பது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியின் வேலை. அவர் ரோடு பைக் ஓட்டியதில்லை, ஆனால் கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தளர்வு, எது இறுக்கம் என்று சொல்வார். முதல் முறை கொண்டுபோனபோது, "தம்பி, கம்பி கம்மியா இருக்கு, ஒண்ணு தளர்ந்தாலும் மத்தது மேல பாரம் ஏறிரும். மாசம் ஒருக்கா கொண்டா" என்றார். பி.பி.யை மாற்றியதும் அவர் கடையில்தான். வலப்பக்கக் கப்பில் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாதவர் கையில் கொடுத்தால் ஃபிரேமின் மரை போய்விடும். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீரெய்லர் ஹேங்கர் (பின்பக்கக் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சிறு துண்டு) ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளைய வேண்டும் என்பதற்காகவே அதைக் கழற்றக்கூடியதாக வைத்திருக்கிறார்கள். இரும்பு என்றால் நிமிர்த்தி நிமிர்த்தி ஓட்டலாம், அலுமினியத்தை இரண்டு மூன்று தடவை வளைத்து நிமிர்த்தினால் ஒடியும். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஹேங்கரின் வடிவம் மாறும், எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் வாரத்தில் வண்டி சும்மா நிற்கும்.

கடைசியாக விரிசல். இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் குறைவான அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் அது களைத்துப்போவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சிறு அழுத்தமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது தெரிந்துதான் குழாயைக் கனமாகச் செய்கிறார்கள், பல வருடம் தாங்கும். ஆனாலும் கழுவித் துடைக்கும்போது நான்கு இடங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள்: முன் தலைக் குழாயின் அடி வெல்டு, பி.பி.யைச் சுற்றி, சீட் கிளாம்புக்குக் கீழே, பி.பி.யிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் வலப்பக்கச் செயின்ஸ்டே குழாய். பெயிண்டில் தலைமுடி போல் ஒரு கோடு தெரிந்தால் நகத்தை வைத்துத் தடவுங்கள். நகம் தடுக்கினால் அது பெயிண்ட் மட்டும் இல்லை என்று வைத்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டுங்கள்.

வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். 6061 ஃபிரேமை வெல்டு செய்த பிறகு முழுதாக 530 டிகிரி பக்கம் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, மறுபடி 175 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் வைத்துத்தான் அந்தப் பலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும். பட்டறையில் வெல்டு மட்டும் வைத்தால் ஒட்டிய இடம் நிற்கும், அதற்குப் பக்கத்தில் மென்மையாகிப்போன இடம் ஒடியும். விரிசல் விட்ட ஃபிரேமை எடைக்குப் போட்டுவிடுங்கள். பாகங்களை வைத்துக்கொள்ளலாம். 68 மி.மீ. மரை பி.பி., 27.2 சீட் போஸ்ட், எட்டு கியர் எல்லாமே பரவலான அளவுகள், அதே அளவுள்ள இன்னொரு அலுமினிய ஃபிரேமில் அப்படியே ஏறும்.