ஒன்பது வயதில் வந்த மகளும் பழைய ஆதார் எண்ணும்

வெளிமாநிலத்திலிருந்து வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து ரயில் ஏறுவதற்கு முன் பிள்ளையின் பழைய ஆதார் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாமல் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டு நாலு மாதம் அலைந்தோம்.

தத்தெடுப்புக்கான மத்திய அரசின் காரிங்ஸ் இணையதளத்தில் பதிவு, வீட்டாய்வு, பிள்ளையைப் பார்த்துச் சம்மதம் சொன்னது எல்லாம் சீராகவே நடந்தன. தத்து ஆணை கைக்கு வந்த பிறகுதான் அலைச்சல் ஆரம்பித்தது.

காரணம் இதுதான். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகள் பெரும்பாலும் தத்து நிறுவனத்தில் இருக்க மாட்டார்கள். அதோடு இணைத்த வேறொரு குழந்தைகள் இல்லத்தில் இருப்பார்கள். தத்துக் கோப்பு நிறுவனத்தில் இருக்கும்; பள்ளிக் காகிதம், தடுப்பூசி அட்டை, ஆதார் எல்லாம் இல்லத்துப் பீரோவில் இருக்கும். நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இல்லத்துக்கும் ஒரு நடை போய், பீரோவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே வந்து மகளுக்குப் புதிதாக ஆதார் பதிந்தோம். ஆறு வாரம் கழித்து நிராகரிப்பு வந்தது. "மறுபடி போடுங்க, சில நேரம் அப்படித்தான்" என்று மையத்தில் சொன்னார்கள். மறுபடியும் போட்டோம், மறுபடியும் நிராகரிப்பு. ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு இல்லத்திலேயே கைரேகையும் கருவிழியும் எடுத்து ஆதார் வாங்கியிருப்பார்கள். அதே ரேகை இரண்டாவது முறை வந்தால் கணினி ஏற்காது. எத்தனை முறை போட்டாலும் பதில் ஒன்றுதான். பழைய எண்ணில் திருத்தம் செய்வதுதான் வழி. அந்த எண்ணோடு இணைந்திருப்பது இல்லத்து ஊழியரின் கைபேசி என்பதால் ஓடிபி அங்கேதான் போகும். அதனால் ஆன்லைனில் முயன்று நாளைக் கழிக்காமல் நேரே மையத்துக்குப் போய்விடுங்கள்.

குடும்பத் தலைவர் என்ற முறையில் பெற்றோரின் ஆதாரும் கைரேகையும், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் இருந்தால் முகவரி மாறும். பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள். பெயரை இரண்டு தடவை. எங்கள் மகளுக்கு இல்லத்தில் ஜனவரி 1 என்று போட்டிருந்தார்கள், ஆணையில் வேறு தேதி. ஆகவே பிறப்புச் சான்றிதழில் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்த பிறகே ஆதாரில் கை வையுங்கள். அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் பெயரை உங்கள் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியலா விரிவா என்பது உட்பட, தாளில் எழுதி முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வடக்கே இனிஷியல் வழக்கம் இல்லை. எங்களுக்கு அப்பா பெயர் தப்பாக விழுந்து, தபாலில் போய்த் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று.

இன்னொரு அலுவலகத்தில் "கோர்ட் ஆர்டர் எங்கே? பதிவு செஞ்ச தத்துப் பத்திரம் எங்கே?" என்று கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். 2022 செப்டம்பர் 1 முதல் இளைஞர் நீதிச் சட்டப்படியான தத்து ஆணையைத் தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். பிள்ளை இருந்த மாவட்டத்தின் ஆட்சியர் கையெழுத்துதான் அதில் இருக்கும். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்த 2021 சட்டத் திருத்தத்தை அச்செடுத்து ஆணையோடு பின் அடித்து நீட்டிய மூன்றாம் முறைதான் வாங்கிக்கொண்டார்கள். ஆணைக்கு ஜெராக்ஸ் போதாது. சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள்.

இதையெல்லாம்விட மனதை அறுத்தது வேறு. ஒரு கவுண்டரில் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி, "தத்துப் பிள்ளையா? சொந்த அப்பா அம்மா இல்லையா?" என்று மகளை வைத்துக்கொண்டே கேட்டார்கள். தமிழ் தெரியாதே என்று நினைத்திருந்தோம். அன்று ராத்திரி தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைரேகைக்குப் பிள்ளை வந்தே ஆக வேண்டும்; மற்ற எந்த அலுவலகத்துக்கும் கூட்டிப் போகாதீர்கள். கைரேகைக்குப் போகும்போதும், "கேட்க வேண்டியதை என்னிடம் தனியாகக் கேளுங்கள்" என்று துண்டுத்தாளில் எழுதி முதலிலேயே நீட்டிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கும் இதே விதிதான். பெரியம்மாவோ அத்தையோ, யாராக இருந்தாலும், வீட்டுக்கு வருவதற்கு முன்பே போன் செய்து சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளியில் இந்தப் பிரிவு கைகொடுக்காது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. தமிழ் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதிக்காதீர்கள். மகள் நான்காம் வகுப்பில் இருந்துகொண்டே, தமிழுக்கு மட்டும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு என்ற முதல் நிலையில் தொடங்கினாள். பழைய பள்ளியில் பிள்ளைக்குத் தந்த பென் (PEN) என்ற நிரந்தரக் கல்வி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தங்கள் பதிவிலிருந்து விடுவிக்காவிட்டால் இங்கே எமிஸ் என்ற தமிழகப் பள்ளி மாணவர் பதிவேட்டில் ஏற்றுவது இழுபறியாகும்.

வீட்டில் முதல் வாரம் கற்றுக்கொடுக்க வேண்டிய சொற்கள் போதும், வேண்டாம், வலிக்குது. மறுக்கத் தெரியாத பிள்ளை வயிறு முட்டியும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். களியும் கீரைக் குழம்பும் பிறகு பழகும். முதல் மாதம் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு என்றே போகட்டும். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு கிடந்தால் திட்டாதீர்கள். கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டில் ஒரு சில்வர் டப்பா வைத்து, வறுத்த கடலையும் பிஸ்கட்டும் போட்டு, காலையும் இரவும் பிள்ளையின் கண்ணெதிரே நிரப்புங்கள். பூட்டவே கூடாது. எங்கள் வீட்டில் முதலில் தினமும் காலியான டப்பா, மூன்றாம் மாதம் இரண்டு நாள் தொடாமல் கிடந்தது. தாய்மொழியையும் விட்டுவிடாதீர்கள், சில மாதத்திலேயே மறந்துவிடும். கிரானைட் பட்டறைப் பக்கம் இந்தி பேசும் குடும்பங்கள் உண்டு, ஞாயிறுதோறும் போய் வந்தோம்.

தத்துக்குப் பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை எப்படி இருக்கிறது என்று அதிகாரிகள் பார்வையிட வருவார்கள். இதைப் பிள்ளைக்கு முன்பே விளக்கிவிட வேண்டும். கோப்போடு ஆபீசர் வந்தால் இடம் மாற்றப் போகிறார்கள் என்பதுதான் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த பாடம். முதல் வருகையின்போது நாங்கள் சொல்லாமல் விட்டோம். மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. அடுத்த முறை நாட்காட்டியில் அந்தத் தேதியை அவளையே வட்டமிடச் சொன்னோம். அதற்கு மறுநாள் கட்டத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எழுத வைத்து, மறுநாளும் இங்கேதான் இருப்பாய் என்று விரலை வைத்துக் காட்டினோம்.