வேலைக்குப் போய்வர ஒரு செகண்ட் ஹேண்ட் கார்: அலைந்து வாங்கிய அனுபவம்

கார் கைக்கு வந்துவிட்டது, நிம்மதி. ஆனால் அதற்கு முன் என்னை அலையவிட்டவர்கள் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. குறைந்த விலையில், நல்ல மைலேஜ் தரும் பழைய கார் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த வகைக் கார் என்பதை முடிவுசெய்ய நேரம் பிடிக்கவில்லை: சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். டீசல் இன்னும் அதிக மைலேஜ் தரும் என்றார்கள், உண்மைதான். ஆனால் என் பயணம் குறைந்த தூரம், முழுக்க நெரிசல். இப்போதைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நிற்காமல் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அந்தச் சூடு ஏறும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எரிபொருளில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும்.

பார்க்கப் போனபோதுதான் சோதனை ஆரம்பித்தது. ஒருவர் போனில், “பேப்பர் எல்லாம் கிளியர், நேரா வாங்க” என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன். வண்டி நன்றாகவே இருந்தது. பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்தால், கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. “அது எப்பவோ முடிஞ்ச கடன்.” சரி, முடிந்ததற்கு வங்கி கொடுத்த கடிதம் எங்கே? “அடுத்த வாரம் வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் மட்டும் கொடுத்துட்டுப் போங்க.” கொடுக்காமல் திரும்பினேன். அந்தக் கடிதம் இல்லாமல் வண்டியை வாங்கினால், பாக்கிக் கடனுக்கு வங்கி நம் வாசலில் வந்து நிற்கும். அதன்பிறகு பதிவுச் சான்றின் படத்தை முன்கூட்டியே அனுப்பாத எவரையும் பார்க்கப் போகவில்லை.

இன்னொருவரிடம், “நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் கொதிக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் நோய் வெளியே தெரியும்: திணறும் ஸ்டார்ட், முதல் சில நொடிகளில் வரும் கடகட சத்தம், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை. சூடாக்கி வைத்துவிட்டால் பாதி மறைந்துவிடும். ஓட்டிப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போனதுதான் நான் செய்த மிகச் சரியான செலவு. ஒரு காரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. காரின் கணினி பதிந்துவைத்திருக்கும் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை அவர் செருகினார். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பெரும்பாலானவை ‘முடியவில்லை’ என்று நின்றன. குறியீடுகளை யாரோ சமீபத்தில் அழித்திருந்தால் அப்படித்தான் காட்டும். விற்பவர், “பேட்டரி மாத்தினோம்” என்றார். அதனாலும் இப்படி ஆகலாம்தான். “சரி, கொஞ்ச நாள் ஓட்டுங்க, திரும்ப வந்து பார்க்கிறோம்” என்றோம். மறுத்துவிட்டார். பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

ஓடோமீட்டரையும் தனியாக நம்பாதீர்கள். கொஞ்சமே ஓடியதாகக் காட்டிய ஒரு வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. விற்பவர் சொல்லும் ‘புது டயர்’ கதையை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

கடைசியில் வாங்கியது, சர்வீஸ் பில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஒரு பெரியவரிடம். பெயர் மாற்றம், காப்பீடு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தேன். டாஷ்போர்டு காட்டும் சராசரியைவிட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புவேன். லிட்டருக்கு 14 வந்தது, ரொம்பக் குறைவு. டயர் காற்று குறைந்திருந்தது, நிரப்பினேன். அதோடு, ஓட்டிவிட்டு இறங்கும்போது ஒரு பின்சக்கரத்தின் அருகே மட்டும் சூடு அடித்தது. பிரேக் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்ததும் அதே பாதையில், அதே நெரிசலில் 17 வருகிறது.